நகமடிப்பைப் பார்க்க எந்தக் கருவி? ஆப்தல்மாஸ்கோப், டெர்மாஸ்கோப், யூஎஸ்பி மைக்ராஸ்கோப், செல்போன் லென்ஸ்: ஓர் ஒப்பீடு

குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து, நீலம் பாரித்து, அப்புறம் சிவந்து எரிகிறது என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், மருத்துவருக்கு முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான். இது குளிரில் விரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும் வெறும் ரேனாட் நிலையா, அல்லது பின்னால் ஸ்க்ளீரோடெர்மா (தோலும் சில சமயம் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்) போன்ற ஏதாவது ஒளிந்திருக்கிறதா? அதற்கான பதிலில் ஒரு பங்கு அந்த விரலின் நகமடிப்பிலேயே இருக்கிறது. நகம் தோலுக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில் உள்ள மடிப்பைச் சொல்கிறேன். அங்குள்ள தந்துகிகளை, அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை, பார்க்க லட்சக்கணக்கில் விலையுள்ள வீடியோ கேப்பிலரோஸ்கோப் (தந்துகிகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வேண்டும் என்ற எண்ணத்தால் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

முதுநிலை மாணவர்கள், சிறு ஊர்களில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்கள், தோல் மருத்துவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: “கையடக்கக் கருவி ஏதாவது வாங்கலாமா? வாங்கினால் எதை?” அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரே ஒரு கருவிதான் வாங்கப்போகிறார் என்றால், தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மாஸ்கோப் வாங்கச் சொல்வேன். அது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதும் கீழே வருகிறது.

## முதலில், எதைப் பார்க்கிறோம்?

உடலின் மற்ற இடங்களில் தந்துகிகள் தோலுக்குச் செங்குத்தாக எழும்பி நிற்பதால் நுனி மட்டும் புள்ளியாகத் தெரியும். நகமடிப்பில் அவை தோலுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு தந்துகியும் கொண்டை ஊசி வடிவத்தில் முழுதாகத் தெரிகிறது. ஆரோக்கியமான விரலில் கடைசி வரிசையில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழோ அதற்கு மேலோ வளைவுகள் ஒழுங்காக அணிவகுத்திருக்கும்.

அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கருவித் தேர்வே இதில்தான் இருக்கிறது. வளைவின் உச்சியில் குழாயின் அகலம் 20 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 20 முதல் 50 வரை விரிந்தது. 50-ஐத் தாண்டினால் அது ராட்சதத் தந்துகி. வெறும் கண்ணால் பிரித்தறியக்கூடிய அளவு கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். இப்போது கணக்குப் போடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கினால் 50 மைக்ரான் தந்துகி அரை மில்லிமீட்டராகத் தெரியும், கண்ணுக்குத் தப்பாது. 20 மைக்ரான் தந்துகி 0.2 மில்லிமீட்டர், இருக்கிறது என்று தெரியும். ஆனால் அது 18-ஆ 26-ஆ என்று பத்து மடங்கில் யாராலும் சொல்ல முடியாது.

ஸ்க்ளீரோடெர்மாவில் நடப்பவை இவை: குழாய்கள் ராட்சத அளவுக்கு வீங்குகின்றன, நுண்ணிய ரத்தக்கசிவுகள் தெரிகின்றன, பிறகு குழாய்களே அழிந்து வெற்றிடங்கள் உண்டாகின்றன. கடைசியில் புதர் போலக் கிளைத்த ஒழுங்கற்ற குழாய்கள் முளைக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் குட்டோலோவும் சகாக்களும் இதை ஆரம்பம், தீவிரம், பிந்தையது என்று மூன்று வடிவங்களாக வகுத்தார்கள். தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸிலும் ராட்சதக் குழாய்களும் கிளைத்த குழாய்களும் ரத்தக்கசிவும் வரும். லூபஸில் தெரிபவை பெரும்பாலும் பொதுவான மாற்றங்கள். அதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. முடக்குவாதத்துக்கு இந்தப் பரிசோதனையால் பெரிய பயன் இல்லை.

2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் இயல்பற்ற நகமடிப்புத் தந்துகிகளுக்கு 2 புள்ளி. ரேனாடுக்கு 3, ஸ்க்ளீரோடெர்மாவுக்கே உரிய எதிர்ப்பொருள்களுக்கு (உடல் தன் செல்களுக்கு எதிராகவே உண்டாக்குபவை) 3, வீங்கிய விரல்களுக்கு 2. மொத்தம் 9 வந்தால் அந்த வகைக்குள் வருகிறார். ரேனாடும் எதிர்ப்பொருளும் வீங்கிய விரலும் உள்ள ஒருவருக்கு 8 தான் ஆகிறது. நகமடிப்பைப் பார்த்தால் அது 10. நோயாளியைக் கவனிக்க 9 வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த இரண்டு புள்ளிக்கு எவ்வளவு எடை என்று இதிலிருந்து புரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மாண்ட்ரியலில் ரேனாட் உள்ள 586 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வெளியானது. தொடக்கத்திலேயே நகமடிப்பும் கெட்டு, எதிர்ப்பொருளும் இருந்தவர்களில் 79.5 சதவீதம் பேருக்குப் பின்னாளில் ஸ்க்ளீரோடெர்மா உறுதியானது. இரண்டுமே இல்லாதவர்களில் அது 1.8 சதவீதம். கையடக்கக் கருவியோடு நாம் செய்யும் வேலை, எதிரில் இருப்பவர் இந்த இரண்டு கூட்டத்தில் எதன் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பதே.

## எதை வைத்து எடைபோடுவது?

விளம்பரத் தாளில் முதலில் கண்ணில் படுவது உருப்பெருக்கம். என் வரிசையில் அது முதலில் வராது.

- உங்கள் கேள்வி எது? “ராட்சதக் குழாய் இருக்கிறதா, இல்லையா” என்பது ஒரு கேள்வி. “போன வருடத்தைவிட எண்ணிக்கை குறைந்திருக்கிறதா” என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கண் போதும், இரண்டாவதற்கு அளவுகோல் வேண்டும்.
- மாநிறத் தோலில் தெரிகிறதா? மெலனின் அதிகமுள்ள தோலில் தந்துகிகள் மங்கலாகவே தெரியும். வெள்ளைத் தோலில் எடுத்த மாதிரிப் படங்களை நம்பிக் கருவி வாங்கினால் ஏமாற்றம்தான்.
- ஒரு பார்வையில் எவ்வளவு அகலம் தெரிகிறது? முழு நகமடிப்பும் ஒரே பார்வையில் தெரிவது ஒரு வசதி, ஒரு மில்லிமீட்டர் துண்டு மட்டும் பெரிதாகத் தெரிவது இன்னொரு வசதி.
- படம் சேமிக்க முடியுமா? அடுத்த முறை ஒப்பிடவும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும் இது வேண்டும்.
- நேரம். ஓபியில் நாற்பது பேர் வெளியே காத்திருக்கும்போது ஒருவருக்கு அரை மணி நேரம் செலவழிக்க முடியாது.
- மறைந்திருக்கும் செலவு. பழகும் காலம், ஸ்டாண்டு, மென்பொருள், துடைத்துச் சுத்தம் செய்வது, பேட்டரி.

## ஆப்தல்மாஸ்கோப்: ஏற்கெனவே மேசையில் இருப்பது

கண் பார்க்கும் கருவியின் டயலை +40 டயாப்டருக்கு (லென்ஸின் திறனைச் சொல்லும் அலகு) திருப்பினால் அது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். டயாப்டரை நான்கால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். +20 வரைதான் போகும் கருவி என்றால் ஐந்து மடங்குதான் கிடைக்கும், அது போதாது. +40-இல் லென்ஸுக்கும் விரலுக்கும் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர்தான். கண்ணைக் கருவியோடு ஒட்டி, கருவியை விரலுக்கு மேலே கொண்டுபோய், முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திக் குவிக்க வேண்டும். நகமடிப்பில் ஒரு துளி அல்ட்ராசவுண்டு ஜெல்லோ எண்ணெயோ வையுங்கள். லென்ஸ் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் பயன்படுத்தாமல் விடும் ஒரு வசதி இதில் இருக்கிறது. சிவப்பை வடிகட்டும் பச்சை ஃபில்டர். விழித்திரைக் குழாய்களைப் பார்க்க வைத்தது அது. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், நகமடிப்பிலும் குழாய்கள் கருத்துத் தெரியும். மாநிறத் தோலில் இது உண்மையிலேயே உதவுகிறது.

2001-இல் ஆப்தல்மாஸ்கோப்பையும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ராட்சதக் குழாய், பெரிய வெற்றிடம் போன்ற கடுமையான மாற்றங்களைக் காண்பதில் இரண்டும் நன்றாக ஒத்துப்போவதாகவும், லேசான மாற்றங்களில் ஆப்தல்மாஸ்கோப் பின்தங்குவதாகவும் காட்டியது. நடைமுறையும் அப்படித்தான்.

குறைகள்: ஒளி வட்டம் சின்னது, முழு நகமடிப்பையும் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். படம் எடுப்பது சிரமம். குனிந்து பார்த்தே கழுத்து வலிக்கும். பேட்டரி இறங்கிய மஞ்சள் ஒளியில் எதுவும் தெரியாது. அதைத் தோல் நிறத்தின் மேல் போட்டுவிடுவோம்.

யாருக்கு: வார்டில் சுற்றும் முதுநிலை மாணவருக்கு, ரேனாட் நோயாளியை எப்போதாவது பார்க்கும் பொது மருத்துவருக்கு. செலவு பூஜ்யம். இதில் பார்க்கத் தொடங்காதவர் விலையுள்ள கருவி வாங்கினாலும் அலமாரியில்தான் வைப்பார் என்பது என் அபிப்பிராயம்.

## டெர்மாஸ்கோப்: என் முதல் தேர்வு

ஹைனே, டெர்ம்லைட் போன்ற பெயர்களில் வரும் இந்தக் கருவி தோல் மருத்துவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். இதிலும் உருப்பெருக்கம் பொதுவாகப் பத்து மடங்குதான். அப்படியானால் ஆப்தல்மாஸ்கோப்பைவிட இது எப்படி மேல்?

மூன்று காரணங்கள். முதலாவது, பார்வைப் புலம். ஒரு விரலின் முழு நகமடிப்பும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. ஸ்க்ளீரோடெர்மா வடிவத்தைக் கண்டுபிடிப்பதில் இது பெரிய வசதி; வரிசை எங்கே உடைகிறது, எங்கே வெற்றிடம், எங்கே கசிவு என்று ஒரே நோட்டத்தில் தெரிந்துவிடும். இந்த வடிவங்களை 1973-இல் மாரிக்கும் லெராயும் விவரித்ததும் குறைந்த உருப்பெருக்கத்தில், அகலப் புலத்தில் பார்த்துத்தான். இரண்டாவது, போலரைஸ்டு ஒளி தோலின் மேல் அடிக்கும் பளபளப்பைக் குறைக்கிறது. மூன்றாவது, செல்போனை மாட்ட அடாப்டர் கிடைக்கிறது. படம் எடுத்து அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கட்டைவிரல் தவிர்த்து எட்டு விரலுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது அழுத்தம். கண்ணாடியைத் தோலில் அழுத்தினால் ரத்தம் விலகி, தந்துகிகள் காணாமல் போய்விடும். நாம் உண்டாக்கிய வெற்றிடத்தை நோயின் வெற்றிடம் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஜெல்லைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, கண்ணாடி ஜெல்லில் மிதக்கிற மாதிரி பிடியுங்கள். சந்தேகம் வந்தால் கருவியைத் தூக்கி, தொடாத முறையில் போலரைஸ்டு ஒளியில் மறுபடி பாருங்கள்.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். டெர்மாஸ்கோப்பையும் வீடியோ கேப்பிலரோஸ்கோப்பையும் ஒரே நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, டெர்மாஸ்கோப் படங்களில் வகைப்படுத்த முடியாதவை அதிகமாக இருந்தன. லேசான மாற்றங்கள் தப்பிப்போயின. ஆகவே டெர்மாஸ்கோப்பில் ராட்சதக் குழாய் தெரிந்தால் அதை நம்பலாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் “இந்தக் கருவியில் தெரியவில்லை” என்று மட்டும்தான் எழுதலாம். அதுவும் “இயல்பு” என்பதும் ஒன்றல்ல.

மறைந்திருக்கும் செலவு: நல்ல நிறுவனத்தின் கருவி பல்லாயிரம் ரூபாய். சில ஆயிரத்தில் கிடைக்கும் மலிவு வகைகளும் உண்டு. அவற்றில் ஓரங்களில் உருவம் வளைந்து, நடுவில் மட்டும் தெளிவாக இருக்கும். வாங்கும் முன் ஒரு ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை அதில் பாருங்கள், ஓரக் கோடுகள் வளைந்தால் வேண்டாம். செல்போன் அடாப்டர் சில சமயம் தனி விலை. உங்கள் போன் மாடலுக்கு அது பொருந்துமா என்பதும் தனிக் கேள்வி.

யாருக்கு: ரேனாட் நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் பொது மருத்துவர், வாதநோய் மருத்துவர், தோல் மருத்துவர். தோல் மருத்துவருக்கு இது எப்படியும் வேண்டிய கருவி என்பதால் கூடுதல் செலவே இல்லை.

## யூஎஸ்பி மைக்ராஸ்கோப்: படத்துக்கும் அளவுக்கும்

இங்கே இரண்டு உலகங்கள் இருக்கின்றன, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, ஆன்லைனில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவுக் கருவி. பெட்டியில் “1000 மடங்கு” என்று போட்டிருக்கும். மானிட்டரில் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதைக் கூட்டிப் பெருக்கிச் சொல்லும் எண் அது. உண்மையில் பிரித்துக் காட்டும் திறன் அதில் ஒரு சிறு பங்குதான். அதோடு, குவிக்கும் சக்கரத்தைத் திருப்பும்போதெல்லாம் உருப்பெருக்கமும் மாறிவிடும். இன்றைக்கு எடுத்த படத்தையும் ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் குழாய் விரிந்ததா, சக்கரம் திரும்பியதா என்று சொல்ல முடியாது. சுற்றிலும் உள்ள எல்இடி விளக்குகள் எண்ணெயில் எட்டு வெள்ளைப் புள்ளிகளாகப் பிரதிபலித்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைக்கும்.

மற்றொன்று, டைனோ-லைட் போன்ற நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே செய்யும் நிலையான 200 மடங்குக் கருவி. விலை மலிவுக் கருவியைப் போலப் பல மடங்கு. ஆனால் முழு வீடியோ கேப்பிலரோஸ்கோப்பைவிட மிகக் குறைவு. லேப்டாப்பில் செருகினால் அளவெடுக்கும் மென்பொருளோடு வேலை செய்யும். ஒரு மில்லிமீட்டரில் எத்தனை குழாய், உச்சி அகலம் எத்தனை மைக்ரான் என்று எண்ணால் சொல்ல முடியும்.

எந்த வகையானாலும் அளவுத் திருத்தம் செய்யாமல் எண் சொல்லக் கூடாது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடித் துண்டை அதே நிலையில் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

200 மடங்கில் வேறொரு தொல்லை: கை நடுக்கம். நோயாளியின் விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் திரையை விட்டு ஓடிவிடும். ஸ்டாண்டு இல்லாமல் இது நடக்காது. கையைத் தாங்க ஒரு ஃபோம் துண்டும் வேண்டும். பார்வைப் புலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் விரலுக்கு இரண்டு முதல் நான்கு படம் எடுக்க வேண்டும். எட்டு விரலுக்கு 16 முதல் 32 படம். கூட்டமான ஓபியில் இது கனவு. தனி நாள், தனி அறை, பழகிய டெக்னீஷியன் இருந்தால்தான் சாத்தியம்.

யாருக்கு: ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் வாதநோய்ப் பிரிவுக்கு, ஆய்வு செய்பவருக்கு, படங்களை வேறு மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பவருக்கு. மலிவு வகையை நோயாளிக்குக் காட்டி விளக்கவும், மாணவர் பழகவும் வைத்துக்கொள்ளலாம். அதன் எண்களைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டாம்.

## செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் லென்ஸ், அல்லது புதிய போன்களில் உள்ள மேக்ரோ வசதி. வெளிர் தோலில், ராட்சதக் குழாய்களும் ரத்தக்கசிவும் நிறைய இருந்தால் தெரியும். அதைத் தாண்டி நம்ப முடியாது. காரணம் லென்ஸ் மட்டுமல்ல. போன் படத்தை எடுத்தவுடன் தானாகவே கூர்மையாக்கி, சத்தமில்லாமல் சருமத்தை மென்மையாக்கிவிடுகிறது. இல்லாத விளிம்பு வரும், இருக்கும் கோடு மறையும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி இன்னும் கெடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், பெயரும் ஓபி எண்ணும் படத்தில் இல்லாமல். நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் போனுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. விரல் வெளுக்கும்போது நோயாளியே வீட்டில் படமெடுத்து வரலாம். ஓபியில் வந்து உட்காரும்போது விரல் இயல்பாகத்தான் இருக்கும். மாநிறத் தோலில் வெளுப்பும் நீலமும் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம். இதைப் படிக்கும் நோயாளிகளுக்கும் அதுவே என் வேண்டுகோள். கிளிப் லென்ஸ் வாங்கி நகமடிப்பைத் தேட வேண்டாம், விரல் நிறம் மாறும் படத்தைக் கொண்டுவாருங்கள்.

கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப்பிலும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பிலும் நகமடிப்பு நன்றாகத் தெரியும். பக்கத்து அறையில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதற்காக வாங்குவதில் அர்த்தம் இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஆப்தல்மாஸ்கோப் | டெர்மாஸ்கோப் | நிலையான 200 மடங்கு யூஎஸ்பி | மலிவு யூஎஸ்பி | செல்போன் லென்ஸ் |
|---|---|---|---|---|---|
| ராட்சதக் குழாய், வெற்றிடம் | தெரியும் | நன்றாகத் தெரியும் | மிக நன்றாகத் தெரியும் | தெரியும், பளபளப்பு இடைஞ்சல் | சில சமயம் |
| லேசான விரிவு | தெரியாது | பெரும்பாலும் தப்பும் | அளக்கலாம் | நம்ப முடியாது | தெரியாது |
| பார்வைப் புலம் | சிறு வட்டம் | முழு நகமடிப்பு | சுமார் ஒரு மி.மீ. | மாறும் | அகலம் |
| படம் சேமிப்பு | சிரமம் | அடாப்டர் இருந்தால் | உண்டு | உண்டு | உண்டு |
| எட்டு விரலுக்கு நேரம் | பத்து நிமிடம் வரை | ஐந்து நிமிடம் | இருபது நிமிடத்துக்கு மேல் | கருவியைப் பொறுத்து | சில நிமிடம் |
| மறைந்த செலவு | பழக்கம், பேட்டரி | அடாப்டர், ஜெல், துடைப்பு | ஸ்டாண்டு, லேப்டாப், ஆள் | அளவுத் திருத்தம் நிற்காது | தவறான நம்பிக்கை |

நேரக் கணக்கு பழகிய கைக்கு. புதியவர் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம்.

## கருவியைவிடப் படத்தைக் கெடுப்பவை

பணத்தைச் செலவழித்துவிட்டு “ஒன்றுமே தெரியவில்லை” என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை கருவியில் இல்லை.

மருதாணி. நம் ஊரில் இதுதான் முதல் எதிரி. கல்யாணத்துக்கோ பண்டிகைக்கோ வைத்த மருதாணி, விரல் நுனியில் குப்பி மாதிரி வைத்திருந்தால், நகமடிப்பின் தோலையே சிவப்பாக்கிவிடும். அடியில் இருக்கும் குழாய் எதுவும் தெரியாது. நிறம் போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மஞ்சள் அரைத்த கையும் ஓரளவு அப்படித்தான். அவசரமாகத் தெரிய வேண்டும் என்றால் மருதாணி படாத விரல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை செய்யும் கை. பாத்திரம் தேய்க்கும், நாற்று நடும், கட்டட வேலை செய்யும் விரல்களில் நகமடிப்பு தடித்து, ஓரம் பிய்ந்து, அடிபட்ட இடத்தில் ரத்தக்கசிவும் இருக்கும். ஒற்றை விரலில் ஒரு கசிவை வைத்து முடிவெடுக்காதீர்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் முதலில் பாருங்கள்; அடி குறைவாகப் படுவதும், தோல் மெலிந்து குழாய்கள் நன்றாகத் தெரிவதும் அங்கேதான். கட்டைவிரல் வேண்டாம். நகம் கடிக்கும் பழக்கம், பார்லரில் நகமடிப்பைத் தள்ளி வெட்டியது இரண்டும் இருந்தால் சில வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அறை வெப்பம். 20 முதல் 22 டிகிரி அறையில் 15, 20 நிமிடம் உட்கார்ந்த பின் பார்க்க வேண்டும் என்பது விதி. ஏசி இல்லாத கிளினிக்கில் இது நடக்காது, நடக்காததற்காகப் பார்க்காமல் விடவும் வேண்டாம். ராட்சதக் குழாய் வெயிலில் மறைந்துவிடாது. வெயிலிலிருந்தோ குளிர்ந்த தண்ணீரிலிருந்தோ நேராக வந்தவரை மட்டும் கொஞ்சம் உட்கார வையுங்கள். அன்றைக்குப் பரிசோதனைக்கு முன் புகை பிடிக்காமல் இருப்பதும் நல்லது.

எண்ணெய். மைக்ராஸ்கோப் எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை, தெளிவான எந்த எண்ணெயும் அல்ட்ராசவுண்டு ஜெல்லும் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் ஏசி அறையில் உறைந்து வெள்ளையாகிவிடும், அது 24 டிகிரியை ஒட்டித்தான் உருகும். ஜெல்லில் குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் சிலரது தோலில் தெரியாது. அப்போது “இயல்பு” என்று எழுதக் கூடாது, “பார்க்க இயலவில்லை” என்று எழுத வேண்டும். பச்சை ஒளியை ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

## அப்படியானால் எதை வாங்குவது?

மாதத்தில் ஒன்றிரண்டு ரேனாட் நோயாளி வருகிறார் என்றால் எதையும் வாங்க வேண்டாம். ஆப்தல்மாஸ்கோப்பை +40-க்குத் திருப்புங்கள், பச்சை ஃபில்டரைப் போடுங்கள். முதலில் இயல்பான விரல்களைப் பாருங்கள்: உங்கள் விரல், நர்ஸ் விரல், வீட்டில் இருப்பவர்கள் விரல். வளைந்து நெளிந்த குழாய்களும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிடும் குழாய்களும் ஆரோக்கியமானவர்களிடமும் எவ்வளவு இருக்கின்றன என்று தெரியாதவர், நோயாளியிடம் எல்லாவற்றையும் நோய் என்று பார்ப்பார்.

வாரத்துக்கு ஓரிருவர் வருகிறார்கள், நல்ல மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுக்கிறீர்கள் என்றால் டெர்மாஸ்கோப். செல்போன் அடாப்டரோடு வாங்குங்கள். அதை வாங்கிவிட்டு மலிவு யூஎஸ்பி வாங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உறுதியான ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடரும் இடம் என்றால் நிலையான 200 மடங்குக் கருவி, ஸ்டாண்டோடு. குழாய்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது விரல் நுனிப் புண் வரப்போவதற்கான எச்சரிக்கை. அதை எண்ணாமல் பிடிக்க முடியாது. டெர்மட்டோமயோசைட்டிஸில் சிகிச்சைக்கு நோய் அடங்கும்போது குழாய்களும் சீரடைவதைத் தொடர்ந்து படமெடுத்தால் பார்க்கலாம். பெரிய மருத்துவமனை, பண வசதி உண்டு, ஆள் இருக்கிறது என்றால் அப்போது வீடியோ கேப்பிலரோஸ்கோப் பற்றி யோசிக்கலாம். கருவியை வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்ப ஒதுக்குங்கள். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் இதற்கென்றே பயிற்சி வகுப்பு நடத்துகிறது.

படங்களைப் படிக்கும் முறையை எளிதாக்க யூலாரின் நுண்சுற்றோட்டக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2019-இல் ஒரு விரைவு வழி சொன்னார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஏழோ அதற்கு மேலோ குழாய்கள், ராட்சதக் குழாய் ஒன்றும் இல்லை: ஸ்க்ளீரோடெர்மா வடிவம் அல்ல. ராட்சதக் குழாய் இருக்கிறது, அல்லது மூன்றோ அதற்குக் கீழோ குழாய்களும் அவற்றின் வடிவம் கெட்டும் இருக்கிறது: ஸ்க்ளீரோடெர்மா வடிவம். இரண்டிலும் அடங்காதது: ஸ்க்ளீரோடெர்மா வடிவம் அல்ல. இதை வகுத்தது 200 மடங்குப் படங்களுக்கு. டெர்மாஸ்கோப்பில் பார்ப்பவர் இதன் நடுப்பகுதியை மட்டும், அதாவது ராட்சதக் குழாயும் பெரிய வெற்றிடமும் இருக்கிறதா என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

குறிப்பு எழுதும்போது ஆறு விஷயம் போதும்: எந்தக் கருவி, எத்தனை மடங்கு, எந்தெந்த விரல், ராட்சதக் குழாய் உண்டா, வெற்றிடம் உண்டா, பார்வை தெளிவாக இருந்ததா. கையடக்கக் கருவியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விரல்கள் வீங்கியிருக்கின்றன, அல்லது ரேனாட் முப்பது வயதுக்கு மேல் தொடங்கியிருக்கிறது, அல்லது விரல் நுனியில் புண் என்றால், இம்யூனோஃப்ளூரசன்ஸ் முறையில் ஏஎன்ஏ (செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். அது பாசிட்டிவ் என்றால் சென்ட்ரோமியர், எஸ்சிஎல்-70, ஆர்என்ஏ பாலிமரேஸ் III எதிர்ப்பொருள்களைப் பார்த்துவிட்டு, வீடியோ கேப்பிலரோஸ்கோப் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். ஏஎன்ஏ நெகட்டிவ், நகமடிப்பும் சுத்தம், வேறு அறிகுறி இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து அதே கருவியில், அதே விரல்களில் மறுபடி பார்த்தால் போதும்.